மாசிலாமணி கண்டாக்கின் முன்னுரிமைகள்

மாசிலாமணி ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஓய்வு மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் கிடைத்தபாடில்லை. முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது மலைமலையாகச் சுற்றி ஆட்களை வேலை வாங்கும் உத்தியோகத்தராக இருந்த மனிதர். விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பி, பிந்தி வந்தவளை விரட்டி, கொழுந்து குறைந்தவளுக்கு அரைப் பேர் போட்டே பழகிய கை. ஒருத்தி நாள் முழுக்க முதுகொடிய நின்றிருந்தாலும் அதைப் பாதி நாளாக எழுதிவிடுவதற்குத்தான் தோட்டத்தில் அரைப் பேர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட கைக்கு அறுபது வயதில் திடீரென்று வேலை இல்லை என்றால் சும்மா இருக்குமா? ஹட்டனுக்கு வெளியே டிக்கோயாப் பாதையில் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாம் மாதமே அவர் கர்த்தருடைய தோட்டத்தில் கண்டாக்காகச் சேர்ந்துவிட்டார். கர்த்தர் நியமனக் கடிதம் எதுவும் கொடுத்ததாக அவருடைய மனைவி ஜீவராணிக்குத் தெரியாது.

சபை பெரிய சபை ஒன்றும் இல்லை. நாற்பது குடும்பம், தகரக் கூரை போட்ட ஓர் ஆலயம், எட்வின் என்று முப்பது வயதில் ஒரு போதகர். அங்கே மாசிலாமணி செயலாளர், நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் சந்திப்புக் குழுவின் தலைவர், ஓய்வு பெற்றோர் ஐக்கியத்தின் அமைப்பாளர், இன்னும் பெயர் வைக்காத இரண்டு குழுக்களில் உறுப்பினர். புதன்கிழமை ஜெபக்கூட்டம் அவருடைய வீட்டிலேயே நடக்கும். அதற்காக முன்பக்கத்து அறையைக் காலி செய்து, முப்பது பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, சுவரில் கடிகாரம் மாட்டி, வாசலில் ஒரு கொப்பியோடு உட்கார்ந்துகொள்வார். ஐந்து மணிக்குள் வந்தால் முழுப் பேர். ஐந்தேகாலைத் தாண்டினால் அரைப் பேர்.

எழுபது வயது அழகுமுத்து ஒரு புதன்கிழமை பாதி வழியில் பஸ் பழுதாகி, மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க வாசலில் நின்ற அந்த மனிதரிடம் மாசிலாமணி கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.

"அரைப் பேருதான் போட்டிருக்கேன் அழகுமுத்து. ஆண்டவர் வேலைக்கும் ஒரு நேரம் இருக்கில்ல?"

வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் அழகுமுத்து. "சரிங்கையா" என்று தலையைச் சொறிந்தபடி பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஜீவராணிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழு நாள் கூலி கொடுத்த எஜமானைப் பற்றி இயேசு சொன்ன கதையை அவர் எத்தனை தடவை வாசித்திருப்பார்! குரலை ஏற்றி இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டெல்லாம் வாசிப்பார். வாசித்தது தொண்டையோடு நின்றுவிட்டது, மண்டைக்கு ஏறவில்லை.

அவருடைய படிப்பறை மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். 'ஓய்வுகால முன்னுரிமைகள்' என்று தலைப்பு. முதலாவது தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது சபை, நான்காவது சரீர சுகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் குறித்திருந்தார். தேவனுக்கும் சபைக்கும் சேர்த்துக் காலை நாலரையிலிருந்து நாள் முழுக்கப் போய்விட்டது. சரீர சுகத்துக்கு ஒரு மணி நேர நடை. குடும்பத்துக்கு இரவு எட்டேகால் முதல் எட்டரை வரை. அந்தக் கால்மணி நேரத்திலும் டீவியில் செய்தி ஓடும். ஜீவராணியும் ஓய்வு பெற்றவள்தான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்தேழு வருடம், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைக் கழுவித் துடைத்து உறங்கவைத்தவள். அவளுடைய முன்னுரிமை என்ன என்று யாரும் கேட்கவில்லை. முப்பது பேருக்குத் தேநீர் என்ற வேலை அந்த அட்டையில் யார் பெயரிலும் இல்லை. ஆனால் புதன்கிழமைதோறும் தேநீர் வந்தது, சூடாகவும் வந்தது.

இதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். மீனம்மாவின் விஷயத்தில்தான் அவளால் முடியவில்லை.

மீனம்மா, மாசிலாமணியின் கூடப்பிறந்த அக்கா. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினேழு, அவருக்கு ஐந்து. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் வைத்துத் தம்பியை வளர்த்தாள். கொழுந்துக் கூடையும் அவள்தான், அடுப்பும் அவள்தான், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை துவைத்ததும் அவள்தான். தம்பி பரீட்சை பாஸாகிற வரைக்கும் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. தம்பி பாஸானார், உத்தியோகத்தரானார், ஞானஸ்நானம் எடுத்தார், ஜீவராணியைக் கட்டினார். தம்பி அந்தத் தோட்டத்துக்கே கண்டாக்காக வந்து பெரட்டுக் களத்தில் நின்றபோதும் அக்கா அதே லயத்தில், அதே கூடையோடு இருந்தாள். புருஷன் செத்துப் பல வருடம். ஒரே மகன் துஷாந்த் கொழும்பில் ஹோட்டல் ஒன்றின் அடுப்படியில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வருவான், மறுநாள் போவான்.

மாசி மாதம் அவளுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் அதே லயக்காம்பரா.

மாசிலாமணி ஒரு தடவை போய்ப் பார்த்தார். ஒரு பை தோடம்பழம், ஒரு ஜெபம், பதினைந்து நிமிடம். திரும்பி வந்ததும் புதன்கிழமை ஜெபக் குறிப்பில் அவள் பெயரை ஆறாவதாக எழுதினார். சொந்த அக்கா என்பதற்காக மேலே ஏற்றவில்லை என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

வைகாசியில் ஜீவராணி தனியாகப் பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி, கடைசி இரண்டு கட்டை நடந்து போனாள். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமிதான் மீனம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்வது என்றால் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை புரட்டிவிடுவாள், நாலரைக்கு மலையிலிருந்து வந்ததும் இன்னொரு தடவை. அவளும் பிள்ளைகுட்டிக்காரி, அவளைக் குறை சொல்லி என்ன? நடுவில் உள்ள ஒன்பதரை மணி நேரமும் மீனம்மா ஈரத்திலேயே கிடந்தாள். ஜீவராணி போர்வையை விலக்கினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். தோட்டத்து மருந்துக்காரர் நாகலெட்சுமியிடம் பச்சையாகச் சொல்லியிருந்தார், இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடந்தால் புண் எலும்புக்குப் போய்விடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று. ஜீவராணி தண்ணீர் சுடவைத்து அவளைத் துடைத்து, துணி மாற்றிவிட்டுத் திரும்பினாள்.

அன்றைக்கு எட்டேகாலுக்கு டீவியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த ரூம குடுத்துரலாங்க. அண்ணிய இங்க கொண்டாந்துருவோம்."

"எந்த ரூம?"

"ஜெப ரூமதான். வேற எந்த ரூமு இருக்கு?"

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "ராணி, அது ஆண்டவருக்குன்னு குடுத்த ரூம். குடுத்தத திருப்பி வாங்கக்கூடாது."

"ஆண்டவர் புதன்கெழம ரெண்டு மணித்தியாலம்தான வர்றாரு. மத்த நாளெல்லாம் பூட்டித்தான கெடக்கு."

"ஒனக்கு வெளங்காது. முன்னுரிமைன்னு ஒன்னு இருக்கு. அக்கா நம்ம சபை ஆளும் இல்ல, சந்திப்புக் குழு லிஸ்ட்டுல போடவும் வழி இல்ல. நான் ஜெபத்துல வச்சிருக்கேன்."

"ஜெபத்துல வச்சிருக்கீங்க, சரி. பாயிலருந்து யாரு எடுக்கறது?"

எட்டரை ஆகிவிட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

பெற்றவர்களைக் கைவிட்டுவிட்டு, உனக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக வைத்துவிட்டேன் என்று சாக்குச் சொன்னவர்களை இயேசு திட்டிய இடம் வேதத்தில் இருக்கிறது. அந்த இடத்தை மாசிலாமணி சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத்தான் வைத்திருந்தார். அடுத்த சபைக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருப்பார் போலும்!

ஜீவராணி தன்னையும் சும்மா விடவில்லை. அவள் மட்டும் என்ன யோக்கியமா? கண்டாக்கம்மா, கண்டாக்கம்மா என்று ஆட்கள் கூப்பிட்டபோது அவளுக்கும் குளிர்ந்துதான் இருந்தது. மீனம்மா கோவாவும் லீக்ஸும் பறித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பின்கதவால்தான் வருவாள். முன்கதவால் வாங்க அண்ணி என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவள் சொன்னதில்லை. காய்கறியை மட்டும் வாங்கி வைத்தாள். இப்போது அதை நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசியது.

ஆனி மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஹட்டனில் ஓய்வு பெற்றோர் ஐக்கியத்தின் வட்டாரக் கூட்டம் வந்தது. பிரதான பேச்சாளர் வேறு யார்? தலைப்பும் அந்த அட்டையில் இருந்ததுதான். கூட்டம் முடிந்து போதகரும் முக்கியமான ஏழெட்டுப் பேரும் வீட்டுக்கு வருவார்கள், ஜெப அறையில் தேநீரும் ரோல்ஸும் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கோட் போட்டுக்கொண்டு காலை ஏழரைக்கே கிளம்பினார். எட்டு மணிக்கு ஜீவராணி பக்கத்துக் கடைக்கார ஹமீதின் வேனில் ஏறினாள்.

ஹமீத் பின்சீட்டை மடித்து இடம் பண்ணினார். அவருடைய மனைவி கமறியா ஒரு பழைய மெத்தையையும் இரண்டு தலையணையையும் தூக்கிக்கொண்டு தானும் ஏறிக்கொண்டாள். "நாலு கை இருந்தா நல்லம்தானே" என்றாள். லயத்தில் நாகலெட்சுமியும் சேர்ந்து மீனம்மாவைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வேனில் கிடத்தினார்கள். மதியம் ஒரு மணிக்குள் முப்பது கதிரைகளும் முன் விறாந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. கடிகாரத்துக்குக் கீழே கட்டில், கட்டிலில் மீனம்மா. புண்ணுக்கு மருந்து கட்டி, பம்பர்ஸ் மாற்றி, தலைவாரி, அவளே கேட்டபடி நெற்றியில் கொஞ்சம் திருநீறும் பூசியிருந்தாள் ஜீவராணி. வருகிறவர் வரட்டும், கத்துகிறவர் கத்தட்டும் என்று அடுப்படியில் ரோல்ஸ் பொரித்தாள். அவர் பிடிவாதமாகத் திருப்பி அனுப்பு என்றால் அவளால் என்ன செய்ய முடியும்? அனுப்பினால் மீனம்மா ஆடியைத் தாண்டமாட்டாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மாசிலாமணி விறாந்தையில் கதிரைகளைப் பார்த்தார், முகம் கறுத்தது. அறைக் கதவைத் திறந்தார். போதகர் எட்வின் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது யாருங்க ஐயா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. முப்பத்தைந்து வருடம் பெரிய துரைமார்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் அது.

"என் அக்காங்க போதகர். சுகமில்லாம கெடந்தாங்க. முன்னுரிமைன்னு மேடையில பேசறதோட நின்னுடக்கூடாது பாருங்க. ஜெப ரூமையே குடுத்துருவோம்னு முடிவு பண்ணிட்டேன்."

ஜீவராணியின் கையில் ரோல்ஸ் தட்டு இருந்தது. அதை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் வந்து போனது. என்ன மனுஷன்! வெட்கம், மானம், சூடு, சொரணை எல்லாவற்றையும் கூட்டத்திலேயே காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டாரா? ஆனால் வந்தவர்கள் கண் கலங்கினார்கள். ஒருவர் ஃபோனை எடுத்து, மாசிலாமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி நிறுத்திப் படம் பிடித்தார். போதகர் கட்டிலருகே மண்டியிட்டு, இப்படிப்பட்ட ஒரு சகோதரனைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். மாசிலாமணி எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

எல்லோரும் போனதும் அடுப்படிக்கு வந்தார்.

"யாரக் கேட்டு இந்த வேலய செஞ்ச?"

"நீங்கதான முடிவு பண்ணீங்க? போதகர்கிட்ட சொன்னீங்களே, நானும் கேட்டேன்."

"வெளையாடாத ராணி. ரெண்டு வாரம். அதுக்கப்பறம் நுவரெலியாவுல ஒரு ஹோம் இருக்கு, பேசிப் பாக்கறேன். இல்லாட்டி லயத்துக்கே அனுப்பிரு. புதன்கெழம கூட்டத்த நான் எங்க வைக்கறது?"

ஜீவராணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். "அனுப்புங்க. ஆனா நீங்களே போதகர்கிட்ட போயி, அது நான் செய்யல, எம் பொஞ்சாதி செஞ்சது, எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டு அனுப்புங்க. அந்தப் போட்டோ இந்நேரம் எத்தன பேருக்குப் போயிருக்கும்னு தெரியுமா?"

அவருக்குத் தெரியும். ஒரு மணி நேரமாகப் பாராட்டுச் செய்திகளுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு நடைக்குப் போய்விட்டார். தான் அளந்த பொய்யிலேயே அவருடைய கால் மாட்டிக்கொண்டதைப் பார்த்து ஜீவராணிக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதற்கு ஒரு பூட்டும் போட்டார்.

"நம்ம மாசிலாமணி ஐயா முன்னுரிமைய பேசிக் காட்டல, செஞ்சி காட்டியிருக்காங்க. நாம அவங்களுக்குப் பாரமா இருக்கக்கூடாது. அதனால இன்னைலருந்து எல்லாப் பொறுப்புலருந்தும் அவங்கள விடுவிக்கறோம். அக்காவப் பாக்கறதுதான் இனி அவங்க ஊழியம். ஜெபக்கூட்டத்த புதன்கெழம ஆலயத்துலயே வச்சிக்குவோம். கொப்பிய நம்ம சுதர்ஷினி டீச்சர் பாத்துக்குவாங்க."

சபை கைதட்டியது. அழகுமுத்து எல்லோரையும்விட நீளமாகத் தட்டினார். மாசிலாமணி எழுந்து, பல்வலியோடு கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல் சிரித்து, கும்பிட்டு உட்கார்ந்தார். போதகர் வெள்ளை மனதோடு செய்தாரா, விஷயம் தெரிந்து செய்தாரா என்று ஜீவராணி அந்த இளம் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்து செய்திருந்தால் ஆண்டவர் அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும் என்று அங்கேயே ஒரு ஜெபம் செய்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள்.

"நானா?"

"நீங்கதான். சபையே ஒங்கள இதுக்குத்தான விட்டிருக்கு."

வேறு வழியில்லாமல் அவர் கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டார். முதல் கரண்டி தளும்பி மீனம்மாவின் தாடையில் வழிந்தது. இரண்டாவதை வாய்க்குள் வைத்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். கோணிய வாயிலிருந்து பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"ஊதிக் குடுங்கய்யா. சுடுது."

அறுபத்திரண்டு வயதில் மாசிலாமணி முதன்முதலாக இன்னொருவருக்காகக் கஞ்சியை ஊதினார். அதற்கும் ஜீவராணி வாசல்படியில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாலைந்து கரண்டி ஒழுங்காக உள்ளே போனது. அவருக்கு என்ன தோன்றியதோ, ஜீவராணியின் பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, என்னைய ஐயான்னு கூப்புடாதக்கா. தம்பின்னு கூப்புடு."

ஜீவராணிக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். மீனம்மா அவரை ஐயா என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. அது அந்த மனுஷியின் அடக்கம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

மீனம்மா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு நன்றாக இருந்த இடது கையை அவசரமாக ஆட்டினாள்.

"வேணாங்கய்யா. ஆளுங்க இருக்காங்க."

வீட்டில் ஜீவராணியைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த வார்த்தை மீனம்மாவின் வார்த்தையும் இல்லை. யாரோ ஒருவர், என்றோ ஒரு காலையில், பெரட்டுக் களத்தில் அவளைத் தனியே கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை. யார் என்று ஜீவராணிக்குக் கேட்காமலே தெரிந்தது. கரண்டி பிடித்திருந்த கை பாதி வழியில் நின்றுபோயிருந்தது. அவருடைய காது மடல்வரை சிவந்திருந்தது.

"என்னத்த பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அவள். "பாதிக் கஞ்சி இன்னும் இருக்கு. குடுங்க."